நாற்பது பேரின் மாதச் சேமிப்பைக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்வது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பேரூராட்சி. ஆட்டோ ஓட்டுநர்கள், தையல் வேலை செய்பவர்கள், சிறு கடைக்காரர்கள் என நாற்பது பேர் இரண்டு ஆண்டுகளாக மாதம் 500 ரூபாய் போட்டு வருகிறார்கள். தேவைப்பட்டவருக்கு அதிலிருந்தே கடன் தருகிறார்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் சேர்ந்துவிட்டது. பணம் மூன்று பேர் பெயரிலுள்ள கூட்டுக் கணக்கில் கிடக்கிறது. இதை முறையான சிக்கன நாணயச் சங்கமாக, அதாவது உறுப்பினர்களின் சேமிப்பைத் திரட்டி அவர்களுக்கே கடன் தரும் கூட்டுறவுச் சங்கமாக, பதிவு செய்ய என்ன வழி, எங்கே போக வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூட்டுறவுத் தணிக்கையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்கிறேன். பதிவு செய்வது இதில் கடினமான பகுதி அல்ல. பதிவுச் சான்று கைக்கு வந்த மறுநாளிலிருந்து யார் கணக்கு எழுதுவார், அவருக்கு எதிலிருந்து சம்பளம் வரும் என்பதுதான் கடினமான கேள்வி. அதற்கு விடை இல்லாமல் பதிவு செய்யப்பட்டு, இரண்டு ஆண்டுகளில் பீரோவுக்குள் முடங்கிய சங்கங்களின் கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

உங்களிடம் இருக்கும் ஐந்து லட்சத்தில் ஆளுக்கு 1,000 ரூபாய் பங்குத் தொகை என்று வைத்தால் 40,000. மீதி 4,60,000 சிக்கன வைப்பு. வைப்புக்கு 7 சதவீதம் வட்டி தருகிறீர்கள் என்றால் ஆண்டுக்கு 32,200 ரூபாய் போகும். கையிருப்பு கொஞ்சம் வேண்டும் என்பதால் நாலரை லட்சத்தைத்தான் கடனாகக் கொடுக்க முடியும். அதற்கு 12 சதவீதம் வட்டி வாங்கினால் வருவது 54,000. இரண்டுக்கும் இடையே நிற்பது 21,800 ரூபாய். மாதத்துக்கு 1,800 சொச்சம். இதில்தான் எழுத்தர் சம்பளம், அறை வாடகை, பேரேடு, ரசீதுப் புத்தகம், தணிக்கைக் கட்டணம், ஆண்டுப் பேரவைக் கூட்டத்தின் தேநீர்ச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். 30,000 ரூபாய்க் கடன் ஒன்று வராமல் போனால் ஓராண்டு உபரி முழுவதும் போய், அடுத்த ஆண்டிலும் துண்டு விழும்.

இப்போது மறுபக்கமாகக் கணக்குப் போடுங்கள். ஓர் எழுத்தருக்கு மாதம் 10,000, வாடகை 2,000, சில்லறைச் செலவு 1,000 என்றால் ஆண்டுக்கு 1,56,000. வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் 5 சதவீதம் இடைவெளி வைத்தால், இந்தச் செலவைத் தாங்க 31 லட்சத்துக்கு மேல் கடன் நிலுவை இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது நாலரை லட்சம். அதனால் முதல் சில ஆண்டுகளுக்கு யாராவது இரண்டு பேர் ஊதியம் வாங்காமல் மாலை நேரத்தில் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்று பெயர் சொல்ல முடிந்தால் மேலே படியுங்கள். முடியாவிட்டால் பதிவைத் தள்ளிப் போட்டு உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அல்லது இரண்டு சுய உதவிக் குழுக்களாகப் பிரிந்துகொள்ளுங்கள். பத்திலிருந்து இருபது பேர் கொண்ட குழுவுக்குப் பதிவு தேவையில்லை. தீர்மானப் புத்தகமும் சேமிப்புக் கணக்கும் ஒழுங்காக இருந்தால் வங்கியே கடன் தருகிறது. ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992-இல் தொடங்கிய, சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டம் அந்த வழியைத் திறந்துவிட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

'அப்படியானால் இப்படியே இருந்துவிடலாமே' என்று கேட்பீர்கள். அதுவும் சரியல்ல. நாற்பது பேரின் பணம் மூன்று பேர் பெயரில் இருக்கிறது. அந்த மூவரில் ஒருவர் இறந்தால் வாரிசுகள் வந்து நிற்பார்கள். ஒருவருக்கு வேறு கடனில் நீதிமன்ற உத்தரவு வந்தால் கணக்கே முடங்கும். 2019-இல் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. கூட்டுறவுச் சட்டப்படி பதிவான சங்கங்களின் திட்டங்களை அந்தச் சட்டம் ஒழுங்குபடுத்தப்பட்டவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. சுய உதவிக் குழுக்களுக்கும் வரம்புக்குட்பட்டு இடம் உண்டு. பெயரில்லாத நாற்பது பேர் கூட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு புகார் கொடுக்கும்வரை இது யாருக்கும் உறைக்காது.

சரி, பதிவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். விதிகள் 1988-இல் வந்தன. சட்டமும் அந்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. தனிநபர்கள் சேர்ந்து சங்கம் அமைக்கக் குறைந்தது 25 பேர் வேண்டும். ஒவ்வொருவரும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பலர் இடறுகிறார்கள். நாற்பது பேர் என்று எண்ணி வைத்திருப்பீர்கள். அதில் கணவன், மனைவி, அண்ணன், தம்பி என்று கழித்துப் பார்த்தால் இருபத்திரண்டு குடும்பம்தான் தேறும். உங்கள் பட்டியலை இன்றைக்கே குடும்பவாரியாக எழுதிப் பாருங்கள். குடும்பத்துக்கு ஒருவர் மனுவில் கையெழுத்திடட்டும். மற்றவர்கள் பதிவுக்குப் பிறகு தனித்தனியே உறுப்பினராகச் சேர்ந்துகொள்ளலாம்.

போக வேண்டிய இடம் உங்கள் சரகத்தின் கூட்டுறவுச் சங்கங்களின் துணைப்பதிவாளர் அலுவலகம். அவருக்கு மேல் மாவட்ட அளவில் இணைப்பதிவாளர் இருக்கிறார். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: எல்லாக் கூட்டுறவுச் சங்கங்களும் இந்த அலுவலகத்தின் கீழ் வருவதில்லை. நெசவாளர் சங்கம் கைத்தறித் துறையிடமும், மீனவர் சங்கம் மீன்வளத் துறையிடமும், பால் சங்கம் பால்வளத் துறையிடமும் போகும். உங்களுடையது ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கான கூட்டுறவுச் சங்கம் அல்ல, கடன் சங்கம். அதனால் கூட்டுறவுத் துறைதான். மனுவோடு போகாதீர்கள். முதல் தடவை வெறுங்கையோடு போய், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான சார்பதிவாளரைச் சந்தித்து, ஏற்கெனவே உங்கள் பகுதியில் இதே வேலையைச் செய்யும் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கமோ வேறு சிக்கன நாணயச் சங்கமோ இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், புதிதாக இன்னொன்று எதற்கு என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு எழுத்தில் பதில் தயாராக இருக்கட்டும். துணைவிதிகள், அதாவது சங்கம் தன்னை நடத்திக்கொள்ளத் தனக்கென வகுக்கும் விதிகள், இவற்றின் மாதிரிப் பிரதியையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்து அமைப்புக் கூட்டம். கையெழுத்திடப் போகும் அனைவரும் ஓரிடத்தில் கூடி, சங்கத்தின் பெயர், செயல்எல்லை, நோக்கம், ஒரு பங்கின் மதிப்பு, நுழைவுக் கட்டணம் ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதி, தங்களில் ஒருவரை முதன்மை அமைப்பாளராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இனி அலுவலகத்தோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் பெயரில்தான். பங்குத் தொகையை யாருடைய சட்டைப் பையிலும் வைக்காமல், துறை அலுவலர் சொல்லும் முறைப்படி, பெரும்பாலும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில், அமையவிருக்கும் சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்கிச் செலுத்துங்கள். மனுவோடு துணைவிதிகள், மனுதாரர் ஒவ்வொருவரின் வயது, தொழில், முகவரி, எடுத்த பங்கு, கையெழுத்து அடங்கிய பட்டியல், வங்கிச் சான்று, சங்கம் தன் காலில் நிற்கும் என்பதைக் காட்டும் வரவு செலவு மதிப்பீடு ஆகியவை போக வேண்டும். மேலே நான் போட்ட 1,800 ரூபாய்க் கணக்கை மறைத்து, முதல் ஆண்டிலேயே லாபம் கொழிக்கும் என்று எழுதாதீர்கள். படிப்பவர் சிரிப்பார். முதல் மூன்று ஆண்டுக்கு ஊதியமில்லாப் பணி, இன்னார் செய்வார், உறுப்பினர் எண்ணிக்கை ஆண்டுக்கு இவ்வளவு கூடும், வாடகை இல்லாமல் இன்ன இடம் கிடைத்திருக்கிறது என்று உள்ளதை எழுதுங்கள். பதிவாளர் பார்ப்பதும் அதைத்தான்: நோக்கம் கூட்டுறவுக் கொள்கைக்கு உட்பட்டதா, துணைவிதிகள் சட்டத்தோடு முரண்படுகின்றனவா, சங்கம் பொருளாதாரரீதியில் நிலைக்குமா.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. 2011-இல் நிறைவேறிய 97-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமையை 19-ஆவது பிரிவில் சேர்த்தது. மாநிலச் சங்கங்களின் நிர்வாகம் பற்றிய அதன் இன்னொரு பகுதியை 2021-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அடிப்படை உரிமை அப்படியே இருக்கிறது. இதைச் சொல்வது நீங்கள் சார்பதிவாளரிடம் போய்ச் சட்டம் பேசுவதற்காக அல்ல. அவர் நல்லவராக இருந்தால் அவரைப் போல உதவக்கூடியவர் வேறு யாரும் இல்லை. இப்படி ஓர் உரிமை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

துணைவிதிகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். மாதிரியை அப்படியே தட்டச்சு செய்து கொடுத்துவிடுவதுதான் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் யார் உறுப்பினராகலாம் என்ற விதி. அரசு அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்கள் நன்றாக நடப்பதற்கு ஒரே காரணம் சம்பளப் பிடித்தம். தவணை சம்பளத்திலேயே கழிந்துவிடுகிறது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு ஈடாக உங்களிடம் இருப்பது ஒருவரை ஒருவர் நேரில் அறிந்திருப்பது மட்டுமே. மெட்ராஸ் மாகாண அரசு அனுப்பி ஐரோப்பாவின் கடன் சங்கங்களை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கையின் சாரமே இதுதான். ஜெர்மனியில் ரைபைசன் கண்ட கிராமச் சங்கங்களைத்தான் அவர் முன்மாதிரியாகச் சொன்னார்: சிறிய எல்லை, அண்டை வீட்டார் கண்காணிப்பு, ஊதியமில்லா நிர்வாகம். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கத்துத் திரூரிலும் காஞ்சிபுரத்திலும் சங்கங்கள் பதிவாயின. ஆகவே செயல்எல்லை 'மாவட்டம் முழுவதும்' என்று எழுத ஆசைப்படாதீர்கள். உங்கள் பேரூராட்சியோடு நிறுத்துங்கள். நீங்கள் நடந்து போய்க் கதவைத் தட்ட முடியாத தூரத்தில் இருப்பவருக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, கடன் விதி. ஒருவருக்கு உச்சபட்சம் எவ்வளவு, அவர் வைத்திருக்கும் பங்குக்கும் வைப்புக்கும் எத்தனை மடங்கு, எத்தனை ஜாமீன்தாரர், ஒருவர் எத்தனை பேருக்கு ஜாமீன் நிற்கலாம் என்பதெல்லாம் எண்ணாக எழுதப்பட வேண்டும். 'நிர்வாகக் குழு பொருத்தமெனக் கருதும் அளவு' என்ற சொற்றொடர் எந்த இடத்திலும் வரக் கூடாது. தலைவரின் மைத்துனர் கடன் கேட்டு வரும் நாளில் அந்தச் சொற்றொடர்தான் சங்கத்தின் கழுத்தைப் பிடிக்கும். நிர்வாகக் குழு உறுப்பினர் கடன் கேட்டால் அந்த விவாதத்தின்போது அவர் வெளியே போக வேண்டும், அது தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும் என்றும் எழுதுங்கள்.

மூன்றாவது, தவணை தவறுதல். இவர் அவருக்கும் அவர் இவருக்கும் என்று மாற்றி மாற்றி ஜாமீன் நின்றால் அது ஜாமீனே அல்ல. கடன் பேரேட்டைத் தணிக்கைக்கு எடுத்தால் நாங்கள் முதலில் தேடுவது ஒரே தேதியில் வரவும் பற்றும் இருக்கிறதா என்பதைத்தான். மார்ச் 30-ஆம் தேதி 40,000 ரூபாய் பழைய கடன் முழுவதும் அடைபட்டிருக்கும். அதே நாளில் அதே ஆளுக்கு 45,000 புதுக் கடன். ரொக்கப் புத்தகத்தைப் புரட்டினால் உண்மையில் கைமாறியது 5,000 ரூபாய் மட்டுமே. ஆண்டறிக்கையில் 'வசூல் நூறு சதவீதம்' என்று எழுதி, பேரவையில் கைதட்டலும் வாங்கியிருப்பார்கள். இந்தப் பழக்கம் ஒருமுறை நுழைந்தால் ஐந்து ஆண்டுகளில் பேரேட்டில் இருப்பது எல்லாம் காகிதப் பணம்தான். பழைய கடனை ரொக்கமாக அடைத்து, முப்பது நாளாவது கழிந்த பிறகே மறுகடன் என்று துணைவிதியிலேயே எழுதிவிடுங்கள். உறுப்பினர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

பதிவான பிறகு கிடைக்கும் பெரிய வசதி, சட்டத்தின் 90-ஆவது பிரிவு. கடன் திரும்பாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. துணைப்பதிவாளரிடமே தாவா தாக்கல் செய்து தீர்ப்பு வாங்கலாம். அதே சட்டத்தில் 81-ஆவது பிரிவில் விசாரணை இருக்கிறது, 87-ஆவது பிரிவில் தண்டத்தீர்வை இருக்கிறது. சங்கத்துக்கு நட்டம் ஏற்படுத்திய நிர்வாகியின் சொந்தச் சொத்திலிருந்து அதை வசூலிக்கும் அதிகாரம் அது. தலைவர் பதவிக்கு ஆசைப்படுபவர்களைக் கூட்டி வைத்து 87-ஐ ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். பாதிப் பேர் விலகிக்கொள்வார்கள். மிச்சமிருப்பவர்களிலிருந்து தேர்ந்தெடுப்பது சுலபம். நிர்வாகக் குழுவைக் கலைத்துத் தனி அலுவலரை அமர்த்தும் அதிகாரமும் துறைக்கு உண்டு. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்கள் கையில் இருந்த வரலாறும் உண்டு. இந்தப் பிடி வேண்டாம் என்பவர்களுக்காக ஒன்றுபட்ட ஆந்திரம் 1995-இல் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் என்று தனியாக ஒன்று கொண்டுவந்தது. அரசுப் பங்கு மூலதனம் வாங்காத சங்கங்கள் பத்துப் பேரோடு பதிவு செய்துகொண்டு தாங்களே தங்களை நடத்திக்கொள்ள வழி செய்த சட்டம் அது. நம் மாநிலத்தில் அப்படி ஒன்று இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

இந்த இடத்தில்தான் சில ஆலோசகர்கள் புகுவார்கள். 'மாநிலப் பதிவு எதற்கு, டெல்லியில் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்து தருகிறேன்' என்பார்கள். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது 50 உறுப்பினர் வேண்டும். திண்டுக்கல் பக்கத்துத் தையல்காரருக்குக் கேரளத்தில் முகம் தெரியாத ஐம்பது பேர் எதற்கு? 'நிதி' (Nidhi) என்ற வகை நிறுவனமாக, அதாவது தன் உறுப்பினர்களிடம் மட்டும் வைப்பு வாங்கி அவர்களுக்கே கடன் தரும் கம்பெனியாக, பதிவு செய்யலாம் என்றும் ஒருவர் வருவார். அது கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவது. தொடங்கிய 120 நாளுக்குள் 200 உறுப்பினர் சேர வேண்டும். அதில் ஓட்டு, ஓர் உச்சவரம்புக்குள், பங்கின் எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்கும். கூட்டுறவில் ஆளுக்கு ஒரு ஓட்டு. உங்கள் நாற்பது பேரில் ஒருவர் மட்டும் வசதியானவர் என்றால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை யோசித்துப் பாருங்கள். பெரிதாக வளர வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சென்னையில் ஜெயா அருணாசலம் 1978-இல் உழைக்கும் பெண்களுக்காகத் தொடங்கிய அமைப்பு, வங்கிகளின் நடைமுறை அந்தப் பெண்களுக்கு ஒத்துவராததால் 1981-இல் அவர்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கம் அமைத்தது. பின்னர் அது பல மாநிலங்களுக்குப் பரவியது. முதலில் பக்கத்துத் தெருப் பெண்களின் சிறு குழுக்கள், அதன் மேல் சங்கம் என்ற வரிசையில் வளர்ந்தது.

பெயரில் 'வங்கி' என்று வைக்க ஆசை வரும். கூடாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாத கூட்டுறவுச் சங்கம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் பொதுமக்களுக்கே எச்சரிக்கை வெளியிட்டது. ஓட்டுரிமை இல்லாத பெயரளவு உறுப்பினர்களிடமும் இணை உறுப்பினர்களிடமும் வைப்பு வாங்குவதையும் அதே அறிவிப்பில் கண்டித்தது. இது வெறும் பெயர்ப் பிரச்சினை அல்ல, வரிப் பிரச்சினையும்கூட. கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு உறுப்பினர் கடன் மூலம் வரும் வருமானத்தில் வருமான வரிக் கழிவு உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த சிட்டிசன் கூட்டுறவுச் சங்கம், பெயருக்கு மட்டும் உறுப்பினராக்கப்பட்ட பொதுமக்களோடுதான் பெரும்பாலும் வணிகம் செய்தது என்று சொல்லி, 2017-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு அந்தக் கழிவை மறுத்துவிட்டது. இன்னொன்றையும் உங்கள் உறுப்பினர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: வங்கி வைப்புக்கு இருக்கும் ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீடு உங்கள் சங்கத்தின் வைப்புக்குக் கிடையாது. இதைச் சொன்னதும் ஒருவர் பணத்தை எடுத்துக்கொண்டு போனால் போகட்டும். தெரியாமல் வைத்திருப்பதைவிட அது மேல்.

செலவைப் பொறுத்தவரை, அரசுக்குக் கட்டும் தொகை உங்களைப் பயமுறுத்தும் அளவில் இராது. தட்டச்சு, நகல், அலைச்சல் இவற்றுக்குத்தான் ஒதுக்க வேண்டும். அன்றைக்குரிய கட்டணத்தைத் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு, ரசீதோடு கட்டுங்கள். ரசீது இல்லாத தொகை எதையும் கட்டாதீர்கள்.

கடைசியாக, ஏற்கெனவே இருக்கும் ஐந்து லட்சத்தைப் புதிய சங்கத்துக்குக் கொண்டுவருவது. இதை யாரும் கேட்பதில்லை. சண்டை வருவது இங்கேதான். மனு கொடுப்பதற்கு முன்பே ஒரு நாளை முடிவு செய்து, அன்றோடு பழைய கணக்கை மூடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: இதுவரை போட்டது இவ்வளவு, வட்டியில் பங்கு இவ்வளவு, வாங்கிய கடன் பாக்கி இவ்வளவு. உறுப்பினர் கையெழுத்து, இரண்டு சாட்சி. கடன் பாக்கி உள்ளவர்களில் யாராவது 'அவ்வளவு இல்லையே' என்றால் அந்தத் தகராறு பழைய கணக்கிலேயே தீரட்டும். புதிய பேரேட்டுக்குள் வரக் கூடாது. சான்று வந்து முதல் பேரவை கூடியபின், ஒவ்வொருவரும் தன் தொகையை வங்கி மூலம் பெற்று, பங்காகவும் சிக்கன வைப்பாகவும் தன் பெயரில் செலுத்தி ரசீது வாங்கட்டும். பழைய கடன் பாக்கி உள்ளவர் புதிதாக மனு எழுதி, புதிய விதிப்படி ஜாமீன் கொடுத்தே கடன் பெற வேண்டும். மூன்று பேர் பெயரில் இருந்த கூட்டுக் கணக்கை இருப்பு பூஜ்யம் ஆனதும் முடித்து, வங்கி தரும் முடிப்புக் கடிதத்தைத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். முதல் தணிக்கைக்கு வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.